கரைக்கோட்டை எங்கே திருப்புவது? கழிமுகங்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும்

அர்ஜென்டினாவின் தலைநகரமான புவனோஸ் ஐரிஸ் குடிப்பது ரியோ டெ லா பிளாட்டா என்ற அகன்ற கழிமுகத்தின் தண்ணீரை. பலெர்மோ பகுதியில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் அந்தப் பழுப்பு நீரை உறிஞ்சி, வண்டலைப் படியவைத்து, குழாய்களுக்கு அனுப்புகிறது. அதே நீர்ப்பரப்பின் மறுமுனையில், உருகுவே நாட்டின் புந்தா டெல் எஸ்தேவில், மக்கள் அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள். வாயில் பட்டால் உப்புக் கரிக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் எந்த இடத்திலும் ஆறு முடிந்து கடல் தொடங்குகிறது என்று கைகாட்ட முடியாது.

கைகாட்ட முடியாத அந்த இடத்தில் ஒரு கோடு போட்டே தீர வேண்டும் என்கிறது, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அந்த வரைபடத்தில் பங்களிப்பவர்கள் பிளாட்டாவின் கோட்டை எங்கே போடுவது என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2020இல் அது திருத்தச் சண்டையாகவே முற்றியது. ஒரு தரப்பு கரைக்கோட்டைக் கடல் பக்கம் தள்ளும், இன்னொரு தரப்பு திரும்ப உள்ளே இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வேலையற்றவர்களின் பிடிவாதம் போலத் தெரியலாம். ஆனால் அந்தச் சண்டைக்குள் இருக்கும் கேள்வி பழவேற்காட்டுக்கும் அடையாற்றுக்கும் மட்டக்களப்புக்கும் அப்படியே பொருந்தும். அதனால் அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் இந்த வரைபடத்துக்குள் கடல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. கணக்கு வைத்திருக்கும் யாரும் அதில் வரையலாம், திருத்தலாம். ஏரி என்றால் அதைச் சுற்றி மூடிய பாலிகன் (பலகோண வடிவம்) ஒன்றை வரைந்து நீர் என்று டேக் (அடையாளக் குறிப்பு) போடுவார்கள். அகலமான ஆறு என்றால் நடுவே நீரோட்டத்தைக் காட்டும் ஒரு கோடும், இரு கரைகளையும் சுற்றி ஒரு பாலிகனும் வரும். கடலுக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் 'நேச்சுரல்=கோஸ்ட்லைன்' என்று டேக் போட்ட கோடுகள், அதாவது கரைக்கோடுகள்தான். கோடு வரையப்பட்ட திசையில் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: இடக்கைப் பக்கம் நிலம், வலக்கைப் பக்கம் நீர். உலகம் முழுவதும் சிதறிக்கிடக்கும் இந்தத் துண்டுக் கோடுகளை ஒரு தனி நிரல் முனையோடு முனை கோத்து, கண்டங்களையும் தீவுகளையும் மூடிய வளையங்களாக்கும். எந்த வளையத்துக்குள்ளும் சேராத மீதிதான் கடல்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, கோடு எங்காவது அறுந்தாலோ திசை மாறிப்போனாலோ நிலமும் நீரும் இடம் மாறிவிடும். ஆரம்பகால வரைபடங்களில் ஒரு சின்ன ஓட்டையால் பெரிய நிலப்பரப்புகள் நீலமாகிப்போனது உண்டு. இப்போது அந்த நிரல் சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்கிறது. மாற்றம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் புதிய கடல் பாலிகன்களை வெளியிடாமல் நிறுத்தியும் வைக்கிறது. இரண்டாவது சிக்கல்தான் நம்முடையது. கரை வழியே வரும் கோடு ஓர் ஆற்று வாய்க்கு வந்துசேரும்போது, ஏதோ ஓரிடத்தில் ஆற்றின் குறுக்கே பாய்ந்து எதிர்க்கரைக்குப் போயாக வேண்டும். வாயிலேயே பாயலாம். பத்து கிலோமீட்டர் உள்ளே போய்ப் பாயலாம். ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், எட்டும் கடைசி இடம்வரை போயும் பாயலாம். அந்தக் குறுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை இல்லை.

கரைக்கோடு நிலத்தின் பக்கம் எதைத் தொட வேண்டும் என்பதற்கு ஓரளவு தெளிவான விதி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் நீர் சராசரியாக எட்டும் மட்டம் அது. கடற்கரையிலும் அலையாத்திக் காட்டு ஓரத்திலும் இந்த விதி வேலை செய்கிறது. ஆற்று வாயில் அது கைவிட்டுவிடுகிறது. நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கான விதியை வைத்துக்கொண்டு, ஆறு எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்று சொல்ல முடியாதே.

பிளாட்டாவில் இரு தரப்பும் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். அர்ஜென்டினாவையும் உருகுவேயையும் சேர்ந்த மேப்பர்கள் பலருக்கு இது ஆறு. பெயரிலேயே ஆறு. சட்டத்திலும் ஆறு. 1973 நவம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மேல்முனையில் உள்ள புந்தா கோர்டாவின் அட்சக்கோட்டில் தொடங்கி, புந்தா டெல் எஸ்தேவையும் அர்ஜென்டினாவின் சான் அந்தோனியோ முனையில் உள்ள புந்தா ராசாவையும் இணைக்கும் கற்பனைக் கோடுவரை இது ஆறுதான் என்கிறது. அந்தக் கோட்டின் நீளம் சுமார் 220 கிலோமீட்டர். உலகின் மிக அகலமான ஆற்று வாய்களில் அதுவும் ஒன்று. உள்ளூர்க்காரர்கள் தங்கள் நீரை என்னவென்று சொல்கிறார்களோ அப்படியே வரைவதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை நெறி, ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதை மாற்ற என்ன உரிமை இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

எதிர்த் தரப்பு நீரைப் பார்க்கச் சொன்னது. பரானா ஆறும் உருகுவே ஆறும் சேர்ந்து வினாடிக்குச் சராசரியாக 22,000 கன மீட்டர் அளவில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மேல்பகுதி முழுக்க நன்னீரும் வண்டலும்தான். உருகுவேயின் தலைநகரமான மொந்தேவிதேயோவுக்கும் எதிர்க்கரையில் உள்ள புந்தா பியேத்ராசுக்கும் இடையே, பார்ரா டெல் இந்தியோ என்ற ஆழமற்ற மேடு நீருக்கடியில் குறுக்கே கிடக்கிறது. அதை ஒட்டித்தான் நன்னீரும் உப்புநீரும் மோதுகின்றன. கனமான கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழைய, நன்னீர் மேலே மிதந்து வெளியேறுகிறது. வண்டல் அங்கேதான் அதிகமாகப் படிகிறது. அதற்கு வெளியே இருப்பது நடைமுறையில் கடல். அங்கே வாழும் உயிர்கள் கடல் உயிர்கள், அலை கடலலை. அதை ஆற்றுப் பாலிகனுக்குள் அடைத்தால், உலகக் கரைக்கோட்டுத் தரவை எடுத்து ஆய்வு செய்யும் ஒருவருக்கு அந்தப் பெரும்பரப்பு கண்டத்தின் உட்புறமாகத் தெரியும். தொலைதூர ஜூம்களில் கரைக்கோட்டிலிருந்து பிறந்த கடல் பாலிகனை மட்டும் வண்ணம் தீட்டும் வரைபடங்கள் பல. அவற்றில் மொந்தேவிதேயோ நிலத்தால் சூழப்பட்ட ஊராகிவிடும்.

இந்த நீர் இரண்டு முகம் கொண்டது என்பதை 2023 தெளிவாகக் காட்டியது. மொந்தேவிதேயோ தன் குடிநீரைப் பிளாட்டாவிலிருந்து எடுப்பதில்லை. அதில் விழும் சாந்தா லூசியா என்ற ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆண்டு கடும் வறட்சியில் மேலே இருந்த நீர்த்தேக்கம் வற்றியது. வேறு வழியில்லாமல், பிளாட்டாவின் உப்பு ஏறி வந்து கலந்திருந்த கீழ்ப்பகுதி நீரையும் சேர்த்து விநியோகித்தார்கள். சோடியம், குளோரைடு வரம்புகளைத் தற்காலிகமாக உயர்த்த வேண்டியிருந்தது. ஊரெங்கும் குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. மக்கள் போத்தல் தண்ணீருக்கு அலைந்தார்கள். பிளாட்டாவின் மேல்முனையில் ஒரு தலைநகரம் அந்த நீரையே குடித்துக்கொண்டிருக்க, கீழே இன்னொரு தலைநகரத்தின் குடிநீரை அதே நீர் கெடுத்தது. பிளாட்டா முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு டேக் போட்டால் இந்த இரண்டில் ஒன்று மறைந்துபோகும்.

சரி, பௌதிக அளவுகோல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்கப் பொருத்திவிட்டால் என்ன? அப்படிச் செய்ய முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அளவுகோலும் ஏதாவது ஓர் ஆற்றில் போய் முட்டிக்கொள்கிறது.

ஓதத்தை வைத்துப் பார்த்தால், லண்டனில் தேம்ஸ் ஆறு டெடிங்டன் தடுப்பணைவரை ஏறி இறங்குகிறது. நகரின் நடுவே, நாடாளுமன்றத்தின் முன்னால், நீர் மட்டம் தினமும் ஆறேழு மீட்டர்வரை மாறுகிறது. அதற்காக அங்கே கடல் என்று யாரும் எழுத மாட்டார்கள். அமேசானில் இது இன்னும் விபரீதம். ஓதத்தின் தாக்கம் ஓபிதூஸ்வரை, கடலிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே உணரப்படுகிறது. ஓதம் எட்டுவதெல்லாம் கடல் என்றால் மழைக்காட்டின் நடுவே கடல் வந்துவிடும். சரி, உப்பை வைத்துப் பார்ப்போம் என்றால் அதே அமேசான் நம்மை மறுபக்கம் தூக்கி எறிகிறது. அதன் நீர்வரத்து அவ்வளவு பெரிது என்பதால் உப்புநீர் ஆற்றுக்குள் நுழையவே முடிவதில்லை; நன்னீர்தான் வாயைத் தாண்டி அட்லாண்டிக்குக்குள் பரவுகிறது. உப்பு அளவுகோலின்படி அமேசான் தன் வாயைத் தாண்டி வெளியேயும் ஆறாகவே இருக்கும். கனடாவின் செயின்ட் லாரன்ஸில் உப்பின் எல்லை கியூபெக் நகரத்தை ஒட்டிய ஓர்லியான் தீவின் கிழக்கு முனையருகே. ஓதத்தின் எல்லையோ அதற்கும் மேலே த்ருவா ரிவியேர் பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. பிளாட்டாவில் ஓதமே மிகச் சிறியது, அரை மீட்டர் அளவுதான். அங்கே நீர்மட்டத்தை ஏற்றுவது சூதெஸ்தாதா என்ற தென்கிழக்குக் காற்று. அது வீசும்போது புவனோஸ் ஐரிஸின் தாழ்வான பகுதிகளுக்குள் நீர் புகும். அமாவாசை பௌர்ணமிக் கணக்கு அங்கே எதையும் சொல்லாது.

வாயின் இரு முனைகளையும் இணைத்து நேர்க்கோடு போடுவது இன்னொரு வழி. கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: ஆறு நேரடியாகக் கடலில் கலந்தால், இரு கரைகளின் தாழ்நீர்க் கோட்டுப் புள்ளிகளுக்கு இடையே வாயின் குறுக்கே போடும் நேர்க்கோடே அடிக்கோடு, அதாவது ஒரு நாட்டின் கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடு. சின்ன ஆறுகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். வாய் புனல் மாதிரி விரியும் ஆறுகளில் எந்த முனையை முனை என்று எடுப்பது என்பதிலேயே சண்டை தொடங்கிவிடும். சர்வதேச நீரளவியல் நிறுவனம் 1953இல் வெளியிட்ட கடல் எல்லைப் பட்டியல் பிளாட்டாவைக் கடல்களின் வரிசையில் வைத்து, அதே புந்தா டெல் எஸ்தே கோட்டை அதன் வெளி எல்லையாகக் காட்டுகிறது. ஆக ஒரே கோட்டைக் காட்டி ஒரு தரப்பு 'இதற்கு உள்ளே ஆறு' என்று சொல்லலாம். இன்னொரு தரப்பு 'கடல்களின் பட்டியலிலேயே இருக்கிறதே' என்று சொல்லலாம்.

சட்டத்தை வைத்துக் கரைக்கோட்டை முடிவு செய்யலாம் என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் தென் அமெரிக்காவில் இல்லை, ராமேஸ்வரத்துக்கு அருகில் இருக்கிறது. பாக்கு விரிகுடாவில் சங்கு குளிப்பது பற்றிய ஒரு வழக்கில், 1904இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அந்த விரிகுடாவை ஆட்சிப்பகுதியின் ஒரு பாகமாக ஏற்றது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் எல்லை பிரித்துக்கொண்டபோது, ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று எழுதினார்கள். வரலாற்று நீர் என்றால் சர்வதேசச் சட்டத்தில் கிட்டத்தட்ட உள்நாட்டு நீர் மாதிரி. பிளாட்டாவின் வாதத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால், கரைக்கோட்டைக் கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும் குறுக்கே போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை ஏரி என்று வரைய வேண்டியிருக்கும். ஜெகதாப்பட்டினத்து மீனவரிடம் போய் உங்கள் கடல் ஒரு ஏரி என்று சொல்ல முடியுமா? சட்டம் ஒரு நீரை யாருக்குச் சொந்தம் என்று சொல்லும். அது என்ன நீர் என்று சொல்லும் வேலை அதனுடையது அல்ல.

இந்த இடத்தில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கரைக்கோட்டின் மேல் நாம் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறோம். பெயர், அரசுரிமை, உள்ளூர்ப் பெருமை, நீரின் தன்மை, வரைபடத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்ற ஆசை, எல்லாவற்றையும் அந்த ஒரே கோட்டில் போட்டுத் திணிக்கிறோம். அது தாங்காது. கோடு ஒரே ஒரு வேலையைச் செய்யட்டும்: கடலின் ஆதிக்கம் ஓங்கியிருக்கும் நீரை, ஆற்றின் ஆதிக்கம் ஓங்கியிருக்கும் நீரிலிருந்து தோராயமாகப் பிரிக்கட்டும். மற்ற உண்மைகளுக்கு வேறு இடங்கள் வரைபடத்திலேயே இருக்கின்றன. பிளாட்டாவில் கரைக்கோடு பார்ரா டெல் இந்தியோ பக்கம் திரும்பினால், உள்ளே குடிநீராகும் நீர் ஆறாகவும் வெளியே அலையடிக்கும் நீர் கடலாகவும் இருக்கும். ஒப்பந்த எல்லையை எல்லைக்கோடாகவே வரையலாம். பெயருக்கு முழு நீளத்தையும் தழுவும் தனிப் பொருள் ஒன்று போதும். ஆற்றின் நடுக்கோடு கரைக்கோட்டைத் தாண்டியும் வெளியே நீளலாம். 'ரியோ' என்ற பெயர் புந்தா டெல் எஸ்தேவரை எழுதப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெயரைத் தனியாகப் பிரிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தூத்துக்குடி நல்ல சாட்சி. அங்கே இருப்பது எந்தக் கடல் என்று நம் ஊரில் கேட்டால் வங்காள விரிகுடா என்பார்கள், இல்லை மன்னார் வளைகுடா என்பார்கள். மேலே சொன்ன 1953 பட்டியலோ வங்காள விரிகுடாவை ஆதாம் பாலத்தோடு நிறுத்திவிட்டு, அதற்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை இலட்சத்தீவுக் கடலின் கணக்கில் சேர்க்கிறது. இரண்டும் அவரவர் வேலைக்குச் சரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விரிகுடாவுக்கு ஒரு டேக், நீரிணைக்கு ஒரு டேக், கடலுக்கு ஒரு டேக் என்று தனித்தனியாக உண்டு. இவை பெயரைத் தாங்கும் பொருள்கள். கரைக்கோட்டின் மேல் படுக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று படியலாம். ஆனால் இங்கேயும் ஒரு கெட்ட பழக்கம் புகுந்தது. பெயர் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, எல்லை எதுவென்று தெரியாத நீர்ப்பரப்புகளுக்குச் சிலர் பிரம்மாண்டமான பாலிகன்களை வரைந்தார்கள். பல நூறு கிலோமீட்டர் கரைக்கோடு அத்தனையும் அதில் உறுப்பாகும். யாரோ ஒருவர் ஒரு துறைமுகத் தளத்தைத் திருத்தினாலே அந்தப் பாலிகன் உடைந்துபோகும். ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதினால் போதும் என்கிற இடத்தில் புள்ளியே நேர்மையானது.

இப்போது நம் கரைக்கு வருவோம். தமிழகக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் சிக்கல் வேறு மாதிரியானது. இங்கே முகத்துவாரங்கள் அகலமாக இல்லை. அவை மூடித் திறக்கின்றன.

அடையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் பக்கம் உடைந்த பாலம் நிற்கிறதே, அதன் எதிரே ஆறு கடலில் சேரும் இடம். வடகிழக்குப் பருவமழையில் ஆறு மணல் திட்டை அறுத்துக்கொண்டு வெளியேறும். கோடையில் நீர்வரத்துக் குறைய, அலைகள் மணலைத் தள்ளித் தள்ளி வாயைச் சுருக்கும். சில வேளை முழுவதும் அடைத்துவிடும். பிறகு பொக்லைன் வந்து தோண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபவர் ஜனவரிப் படத்தைப் பார்த்தால் திறந்த வாய், மே மாதப் படத்தைப் பார்த்தால் மணல். ஒரே இடத்தில் கரைக்கோடு உள்ளே போவதும் நேராக ஓடுவதுமாக மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு பேருமே சரியாக வரைந்திருப்பார்கள். இத்தகைய இடத்தில் கரைக்கோட்டைப் பருவத்துக்குப் பருவம் நகர்த்துவது வீண் வேலை. கடற்கரையின் பொதுவான போக்கை ஒட்டி வாயின் குறுக்கே அதைப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை ஆற்று நீராக வரைந்து, ஓதம் வந்துபோகும் என்பதற்கான 'டைடல்=எஸ்' டேக்கைச் சேர்ப்பதுதான் உருப்படியான வழி. மணல் திட்டைத் தனியே மணலாக வரையலாம். ஓதத்தில் மூழ்கி வெளிப்படும் சேற்றுத்தரைக்கும், அலையாத்திக்கும், உப்புச் சதுப்புக்கும் தனி டேக்குகள் இருக்கின்றன. கழிமுகத்தின் உயிர் இருப்பது அந்தச் சேற்றுத்தரையில்தான். எல்லாவற்றையும் ஒரே நீலமாக வரைந்தால் இறால் குஞ்சு பொரிக்கும் இடமும் படகு போகும் ஆழமும் ஒன்றாகத் தெரியும்.

பழவேற்காடு இன்னும் கடினம். ஆரணியாறும் காலங்கியும் வந்து விழுகின்றன, பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது, ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆவியாகி, கடலைவிடவும் உப்பு ஏறும். அதே ஏரி, அதே ஆண்டு. முகத்துவாரம் தூர்ந்தால் மீனும் இறாலும் உள்ளே வர வழியில்லை, படகு வெளியே போகவும் வழியில்லை. அதனால்தான் அங்குள்ள மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலைநிறுத்தச் சொல்லி ஆண்டாண்டாகக் கேட்டுவந்தார்கள். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கிறது; முகத்துவாரத்து மணல் அடைத்திருக்கும்போது மழை கொட்டினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் மூழ்கும், வெட்டிவிட்டால் வடியும். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் தேவை ஒன்றாக இருப்பதில்லை. இந்த நீர்நிலைகளுக்கு 'களப்பு' (லகூன்) என்ற வகையில் மூடிய பாலிகனும், உப்புநீர் என்ற டேக்கும், பெயரும் கொடுத்து, கடற்கரையைத் தனியே ஓடவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணக் கடல்நீரேரி வேறு. அது கடலோடு அகலமாகத் திறந்திருக்கிறது, கரைக்கோடு உள்ளே போய் வரத்தான் வேண்டும்.

இந்திய அரசின் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை இதே கேள்விக்குத் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆறுகளிலும் கழிகளிலும் ஓதத்தின் தாக்கம் எதுவரை என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளக்கும் உப்பின் அளவை வைத்து அது முடிவு செய்கிறது. ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் எல்லை. வறண்ட காலத்தைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். கடல் அதிகபட்சம் எவ்வளவு உள்ளே வருமோ அதுவரை பாதுகாப்பு நீளும். ஆனால் இது கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துவதற்கான கோடு. அதைத் தூக்கி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கரைக்கோடாக வைத்தால் கூவத்தில் சென்னை நகருக்குள் கடல் நுழைந்துவிடும்.

இதெல்லாம் வரைபவர்களின் உள்விவகாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தரவு இலவசம், திறந்தது. அதனாலேயே எங்கெங்கோ போய்ச் சேர்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியது என்று மக்கள் குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் படகுகளும் வலைகளும் அலையாத்தி வேர்களும் கறுத்துப்போயின. அப்படிப்பட்ட ஒரு விபத்தில் பாதிக்கப்பட்ட கடல் பரப்பு எவ்வளவு என்று எங்கோ ஒரு கணினி கணக்கிடும்போது, அது முதலில் செய்யும் வேலை கரைக்கோட்டால் வெட்டுவதுதான். கோடு முகத்துவாரத்தில் இருந்தால் கொசஸ்தலை ஆற்றுக்குள் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராது. கோடு உள்ளே போயிருந்தால் வரும். மீனவருக்கு இரண்டுமே அவர் தொழில் செய்யும் அதே நீர்.

கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியக் கடற்கரையின் நீளமே சான்று. பல பத்தாண்டுகளாக 7,516 கிலோமீட்டர் என்று பாடப்புத்தகங்கள் சொன்னன. அண்மையில் உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கை அதை 11,098 கிலோமீட்டராக வெளியிட்டது. கடல் நீண்டுவிடவில்லை. நுணுக்கமான வரைபடத்தில், கழிகளின் வளைவு நெளிவுகளையும் சேர்த்து அளந்தார்கள், அவ்வளவுதான். எந்தக் கழிக்குள் நுழைந்து அளப்பது, எதைத் தாண்டிப் போவது என்ற முடிவு அங்கேயும் யாரோ எடுத்ததுதான்.

நம் கரையை வரைய உட்காருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரைக்கோட்டை நகர்த்துவதற்கு முன் அந்தக் கோட்டின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் அது இன்னும் பழைய, கரடுமுரடான செயற்கைக்கோள் படங்களிலிருந்து மொத்தமாக இறக்கிய கோடாகவே இருக்கும். அதைத் தயங்காமல் திருத்தலாம். ஆனால் யாரோ யோசித்து வாயின் குறுக்கே போட்ட கோடாக இருந்தால், மாற்றுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், மாற்றக் குறிப்பில் எந்த மாதத்துப் படம், ஏன் இந்த இடம் என்று இரண்டு வரி எழுதுங்கள். முகத்துவாரம் எந்த மாதம் மூடுகிறது, சேறு எங்கே வெளிப்படுகிறது, நண்டு பிடிக்க எங்கே இறங்குகிறார்கள் என்பது எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் அதை அறிந்தவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு முறை படகில் போய், திட்டுகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதிந்தால், கோடு எங்கே திரும்ப வேண்டும் என்ற கேள்விக்கும் பெரும்பாலும் அந்தப் பயணத்திலேயே விடை கிடைத்துவிடும்.